கட்டைவிரலுக்கு 30

கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. மதிப்பெண் இல்லைங்க இது. பவர் பிரஸ்ஸில் மாட்டி விரல் முழுசாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று சட்டம் போட்டிருக்கும் கணக்கு. 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த அட்டவணை. படிக்கவே மனசு கூசும். ஆனால் பேரம் பேச இடம் வைக்காததுதான் அதன் பலம்.

30 வயதுக்காரர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய், கட்டைவிரல் போய்விட்டது. சம்பளத்தில் 60 சதவீதம், வயதுக்கான காரணி, அப்புறம் அந்த 30 சதவீதம். பெருக்கினால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் வரும். முதலாளி பத்தாயிரத்தை நீட்டி, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கியிருக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதம் செல்லாது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு வழி வேறு. அவருக்கு முதலாளியிடமிருந்து மொத்தத் தொகை கிடையாது. நிரந்தர ஊனம் என்றால் இ.எஸ்.ஐ.யே ஆயுள் முழுக்கப் பணம் தரும்.

விபத்து நடந்ததும் முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வேலையில் அடிபட்டது' என்று எழுதச் சொல்லுங்கள்; 'வீட்டில் விழுந்தேன்னு சொல்லுப்பா' என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். இ.எஸ்.ஐ. இல்லாதவர் மனு கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். இரண்டு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள்.