பேசத் தொடங்கிய சினிமா நம் வீட்டுக்குள் வந்து கேட்ட கேள்வி

(உரையின் எழுத்து வடிவம்)



தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அடுத்த சில வருஷம் திரையில் யார் பேசினார்கள்? பெரும்பாலும் சாமிகளும் ராஜாக்களும்தான். பேசியதை விடப் பாடியது அதிகம். 1934-ல் வந்த ‘பவளக்கொடி’யில் கிட்டத்தட்ட 50 பாட்டு!

மறு வருஷம், 1935-ல், ஒரு படம் வருகிறது. ‘மேனகா’. பெயரைக் கேட்டதும் விசுவாமித்திரர் கதைன்னு நினைச்சுடாதீங்க. இது ஒரு வக்கீல் வீட்டு மருமகளின் கதை. தமிழில் சமூகக் கதையைச் சொன்ன ஆரம்பகாலப் பேசும் படங்களில் ஒன்று.

வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய நாவல் அது. எம். கந்தசாமி முதலியார் அதை நாடகமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். சிறு வயதிலேயே நாடகத்துக்கு வந்து, அதிலேயே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மேடையில் பேர் வாங்கிய அந்த நாடகத்தைத் தாங்களே நடித்துத் திரைக்கும் கொண்டுபோனார்கள். இயக்கியவர் பி.கே. ராஜா சாண்டோ. பம்பாய் ஊமைப்படங்களில் புகழ்பெற்ற நம்ம புதுக்கோட்டைக்காரர். டி.கே. சண்முகம், டி.கே. பகவதியோடு நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் நடித்தார். அதுவும் வில்லத்தனமான சாமா ஐயர் வேஷத்தில்!

கதை என்ன?

மேனகாவின் அப்பா தஞ்சாவூரில் டெபுடி கலெக்டர். புருஷன் வராகசாமி சென்னையில் வக்கீல். படிப்பு இருக்கு, பதவி இருக்கு, பணமும் இருக்கு. ஆனாலும் நாத்தனார்களின் பண ஆசை அடங்கவில்லை. கடைசியில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டு மருமகளையே ஏமாற்றி, நைனா முகம்மது என்கிற பணக்காரனுக்கு விற்றுவிடுகிறார்கள். போதாததுக்கு, அவள் ஓடிப்போய்விட்டாள் என்று பழியையும் போடுகிறார்கள். புருஷனும் நம்பிவிடுகிறான்.

அவளைக் காப்பாற்றியது யார்? வாங்கியவனின் மனைவி நூர்ஜஹான்!

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் தோழர்களே. விற்றது யார்? மேனகாவின் சொந்த மதம், சொந்த சாதி, சொந்த வீடு. வாங்கியவனும் காப்பாற்றியவளும் ஒரே மதம், ஒரே வீடு. அப்படியென்றால் குற்றத்துக்கு மதம் ஏது? அறத்துக்குத்தான் மதம் ஏது? முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தன் கணவனையே எதிர்த்து நிற்கிறாள் நூர்ஜஹான். இதைத் தமிழ் மேடை சொன்னது, தமிழ்த் திரை சொன்னது. 1935-லேயே சொன்னது!

மேடையிலிருந்து திரைக்குப் போனதில் இன்னொன்றும் நடந்தது. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேஷத்தையும் பையன்கள்தான் கட்டுவார்கள். படத்தில் மேனகாவாக எம்.எஸ். விஜயாளும், நூர்ஜஹானாக கே.டி. ருக்மணியும் நடித்தார்கள். பெண் படும் பாட்டைப் பெண்ணின் குரலிலேயே ஜனங்கள் கேட்டார்கள். நாடகம் ஒரு ராத்திரியில் ஒரு ஊருக்குத்தான் போகும். படப்பெட்டி ஒரே நாளில் பல ஊர்க் கொட்டகைக்குப் போகும். அந்தக் கேள்வியும் கூடவே போனது.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். கடைசியில் தன்னைச் சந்தேகப்பட்ட அதே புருஷனோடுதான் மேனகா சேர்கிறாள். இன்றைக்கு எழுதினால் நம் பெண்கள் அந்த முடிவை மாற்றி எழுதுவார்கள். எழுதட்டும்!

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். படம் வந்து 26 வருஷம் கழித்து. கலை முன்னால் போய்க் கதவைத் தட்டியது, சட்டம் பின்னால் வந்தது. சட்டம் வந்தும் வழக்கம் ஒழிந்ததா? “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க” என்று இன்னமும் நாசூக்காகக் கேட்கிறார்களே, அதுக்குப் பேர் என்ன?

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் அந்த வார்த்தை வரும்போது, வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு குற்றச் செய்தியைப் பார்த்ததும் குற்றவாளியின் மதத்தைத் தேடி ஓடுகிறவர்களிடம் நூர்ஜஹானின் கதையைச் சொல்லுங்கள்.



#மேனகா #வரதட்சணைஒழிப்போம்