ஒரு கமிட்டின் விலை
(குன்றத்தூரில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவர் எனக்கு லேத்தில் அளவு பார்க்கக் கற்றுத் தந்தவர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அளந்து பார்த்தியா?" என்பதுதான். அந்தக் கேள்வியை ஒருமுறை மறந்தேன். அதைச் சொல்லவே இந்தத் தலைப்பை எடுத்தேன்.

2012, தமிழகம் மின்வெட்டில் தவித்த ஆண்டு. ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்துதரும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தேன். லைன் ஓரத்தில் ஒரு பழைய கணினி. ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கத்தில் முடுக்கப்பட்டது என்ற டார்க் அளவைக் கருவி அனுப்பும். அதைப் பார்கோடு எண்ணோடு சேர்த்து எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் கோப்பில் எழுதும் நிரல் என்னுடையது. ஒரு பாகத்துக்கு 60 வரிகள். "ஸ்கேன் பண்ணா தொங்குது சார், லைன் நிக்குது" என்றார் ஆபரேட்டர். கோப்பில் எழுதுவதால்தான் தாமதம் என்று நானே முடிவுகட்டி, தரவுத்தளத்தை முழுவதும் நினைவகத்துக்கு மாற்றினேன். மாற்றம் மிகச் சிறியது. கோப்பின் பெயர் இருந்த இடத்தில் மெமரி என்ற ஒரு சொல். ஷிப்டு முடிவில் கோப்புக்கு நகலெடுக்கவும் ஏற்பாடு செய்தேன். தொங்கல் போயிற்று.

மூன்றாம் வாரம், மதிய ஷிப்டில் மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் கணினி அணைந்து, அந்த ஷிப்டின் பதிவு மொத்தமும் போயிற்று. பதிவில்லாத பாகத்தை லாரியில் ஏற்ற முடியாது. ஏழு பேர் டார்க் ரெஞ்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி சோதித்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது விடிந்திருந்தது. அது முழுக்க என் தவறு.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். கணினி அவருடைய துறை இல்லை. ஆனாலும் கேட்டார்: "நேரம் எங்கே போகுதுன்னு அளந்து பார்த்தியா?"

அதன் பிறகுதான் அளந்தேன். அந்த 60 வரிகளையும் என் நிரல் 60 தனித்தனிக் கமிட்டுகளாக எழுதிக்கொண்டிருந்தது. கமிட் என்பது ஒரு வாக்கு. "இனி மின்சாரம் போனாலும் இந்தப் பதிவு போகாது" என்று தரவுத்தளம் தரும் வாக்கு. அதைக் காப்பாற்ற, தகவல் உண்மையிலேயே வட்டில் இறங்கும் வரை அது காத்திருக்க வேண்டும். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது. அதாவது நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி. ஒரு கமிட்டுக்கு ஒரு சுற்றுக்கு மேலும் ஆகும். இத்தகைய வட்டில் நொடிக்கு 60 கமிட் அளவுதான் முடியும் என்று எஸ்கியூலைட் குழுவினரே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு 60 வரி, 60 கமிட், ஒரு முழு நொடி. ஆபரேட்டர் சொன்ன தொங்கல் அதுதான்.

அந்த 60 வரிகளையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டி ஒரே கமிட் போட்டேன். கோப்பில் எழுதியபடியே தாமதம் மறைந்தது. இன்னொரு நன்மையும் கிடைத்தது: நடுவில் மின்சாரம் போனால் 60 வரிகளும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. பாதிப் பாகத்தின் பதிவை வைத்துக்கொண்டு யாருக்கும் பயனில்லை.

தகவலைப் படிக்கும்போது நினைவகத்துக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு பலர் நினைப்பதைவிட மிகச் சிறியது. அண்மையில் தொட்ட கோப்புப் பக்கங்களை இயங்குதளமே ராமில் வைத்திருக்கிறது. எஸ்கியூலைட்டும் தனக்கென ஒரு பங்கு வைத்துக்கொள்கிறது. கேள்வியைப் புரிந்துகொண்டு மரவடிவ அட்டவணையில் தேடும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். நினைவகத்தின் பெரும் ஆதாயம் எழுதும்போதுதான். அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி, கமிட்டின் வாக்கைக் கைவிட்டதால் கிடைப்பது.

எதிர்பாராமல் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்ற இதே கவலையில்தான் எஸ்கியூலைட்டும் பிறந்தது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார் ரிச்சர்ட் ஹிப். குழாய் உடைந்தால் எந்தெந்த வால்வை மூடுவது என்று சொல்லும் நிரல் அது. தரவுத்தள சர்வர் நின்றுபோனால் இவருடைய நிரலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சர்வரே வேண்டாம், நிரலுக்குள் உட்கார்ந்து நேரே கோப்பைப் படித்தால் போதும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் தொடங்கியதுதான் இன்று நம் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது.

தாமதத்தைக் குறைக்க இன்னொரு வழியும் எஸ்கியூலைட்டில் உண்டு. 2010இல் வந்த வால் (WAL) என்ற முறையில், மாற்றங்களைத் தனியொரு பதிவுக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகலாம். அதில் நார்மல் அமைப்பை வைத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டுக்காகக் காத்திருப்பதில்லை. மின்சாரம் போனால் கடைசிச் சில பதிவுகள் போகலாம், தரவுத்தளம் கெடாது. வெப்பநிலையை நொடிக்கு நொடி குறிக்கும் சென்சாருக்கு இது போதும். டார்க் பதிவுக்கு நான் இதை ஏற்கமாட்டேன்.

ஆனால் கோப்பில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா? இந்தக் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய அடியார்களில் மூவரின் பதிகங்கள் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்தன, எஞ்சியவையே நம் கைக்கு வந்தன என்று வழிவழியாகச் சொல்கிறோம். எழுதி வைத்ததும் அழியும். மலிவான மெமரி கார்டுகளில், எழுதி முடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டதாகச் சொல்பவையும் உண்டு. கோப்பில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், வேறொரு கணினியிலும் ஒரு படி வையுங்கள்.

நினைவகத் தரவுத்தளத்தை நான் ஒதுக்கவில்லை. சோதனைகளுக்கும், தற்காலிகக் கணக்குகளுக்கும், மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கிவிடக்கூடிய அட்டவணைகளுக்கும் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். மறுபடி பெற முடியாத தகவல் கோப்புக்குத்தான் போக வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கே உங்கள் நிரலைத் திறந்து, கமிட் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். லூப்புக்குள் நின்றால் வெளியே எடுங்கள். பிறகு ஒரு சோதனைக் கணினியில் அதை ஓடவிட்டு, நடுவில் மின்கம்பியைப் பிடுங்குங்கள். மறுபடி இயக்கி, எத்தனை பதிவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே அந்த நிரலை லைனுக்குக் கொண்டுபோங்கள்.