பசை இல்லாமல் நிற்கும் பந்து
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என் கையில இருக்கிற காகிதப் பந்தைப் பாருங்க. 30 சதுரத் தாள்ல செஞ்சது. பசை இல்ல, நூல் இல்ல. என் மக பள்ளிக்கூடக் கணக்குக் கண்காட்சிக்காகக் கத்துக்கிட்டு வந்தா. ஜப்பான்காரர் சோனோபே பேரால சொல்ற மடிப்பு இது.

ஒவ்வொரு தாளையும் ஒரே மாதிரி மடிக்கணும். மடிச்சதும் ரெண்டு முனையும் ரெண்டு பையும் இருக்கும். நம்ம முனை பக்கத்துத் தாளோட பைக்குள்ள போகும், இன்னொரு தாளோட முனை நம்ம பைக்குள்ள வரும். 6 தாள் சேர்ந்தா கனசதுரம். 12 சேர்ந்தா எட்டுக் கூம்பு நட்சத்திரம். 30 சேர்ந்தா இருபது கூம்பு உள்ள இந்தப் பந்து.

காகித மடிப்புல கணக்குச் சொல்றது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. 1893-லயே சுந்தர ராவ் என்பவர் இதைப் பத்தி ஆங்கிலத்துல எழுதின புத்தகம் சென்னையில வந்திருக்கு. 1901-ல அது அமெரிக்காவுல சிகாகோவிலயும் அச்சாச்சு.

முதல் தடவை என் பந்து மூடவே இல்ல. பார்த்தா, ஒரு தாளை மட்டும் இடம் வலம் மாத்தி மடிச்சிருக்கேன். கோபத்துல தூக்கிப் போடப் போனேன். "29 தாள்ல பந்து எப்படிம்மா மூடும்? பிரிச்சுத் திருப்பி மடி"ன்னா மக.

அந்த வாரம்தான் எங்க குழுவுல, நாலு தவணை கட்டாத ஒருத்தங்களை நீக்கிடலாம்னு முதல்ல சொன்னவ நான். அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன். மறுநாள் ஊக்குநரும் நானும் அவங்க வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு வேலையில கை அடிபட்டு மூணு மாசமா சம்பளம் இல்ல. வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. நாங்களும் கேட்கல. குழுவுல பேசி, தவணையைச் சின்னதாக்கி மாசத்தைக் கூட்டினோம். இப்போ ஒழுங்கா கட்டுறாங்க.

திருப்பி மடிச்ச தாள் இதோ, இந்தப் பச்சை. பழைய மடிப்போட கோடு இன்னும் தெரியுது. ஆனா பந்து நிக்குது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய காலண்டர் தாளோட உட்கார்ந்திருப்பேன். கத்துக்க விருப்பம் உள்ளவங்க வாங்க.