உத்தியோகத்தை விட்டுச் சீட்டை நம்பலாமா?

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் நம் பெரியோருட் சிலர் முகஞ் சுளித்தனர். சங்க மேடையில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று வினவவும் செய்தனர். வீட்டிற்குள் வந்து அமர்ந்துவிட்ட ஒன்றைச் சபையிற் பேசக் கூசுவதாற் பயனில்லை என்று கருதியே துணிந்தேன். பெயரை வெளியிடாமற் பேச என் மருமகனும் இசைந்திருக்கிறான்.

அவன் என் தங்கையின் புதல்வன். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனையிற் கணக்கராக இருக்கிறான். மணமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அவனிடமிருந்து எனக்கு ஒரு நீண்ட கடிதம் வந்தது. "மாமா, உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டுப் போக்கர் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணுகிறேன். அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. தாங்கள் கணக்குத் தணிக்கையில் 35 ஆண்டுகள் பழுத்தவர்கள். என் புத்தகத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்" என்று எழுதி, தன் ஆட்ட வரவு செலவுக் கணக்கையும் உடன் அனுப்பியிருந்தான்.

தாயிடம் மறைத்த செய்தி தாய்க்கு எட்டாமலிருப்பதில்லை. மறுவாரமே தங்கை வந்து, "அண்ணா, நளன் கதையையும் தருமன் கதையையும் எடுத்துச் சொல்லி அவனைத் தடுத்துவிடு" என்று கண்ணீர் விட்டாள். அவ்விரு கதைகளையும் அவன் என் மடியில் அமர்ந்து கேட்டவன். மேலும், அவ்விரு மன்னரும் நிறுத்துமிடம் அறியாது ஆடினவர்கள். வரவு செலவு எழுதினவர்களல்லர். கணக்கு எழுதி அனுப்பியவனுக்குக் கணக்காலேயே மறுமொழி கூற வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. யான் வாலிபனாயிருந்த காலத்தில் உத்தியோகத்தை விட்டு அச்சகம் தொடங்க விரும்பினேன். என் தந்தையார் "கூடாது" என்ற ஒரே சொல்லால் தடுத்துவிட்டார். அதனால் யான் பிழைத்தேனா, இழந்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை என் மருமகனுக்கும் வைத்துச் செல்ல எனக்கு மனமில்லை.

இனி அவ்வாட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுகிறேன். இக்காலத்திற் பெரிதும் வழங்குவது நோ லிமிட் ஹோல்டெம் என்னும் வகை. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசை நடுவே ஐந்து சீட்டுகள் எல்லோர்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்டுவர், உயர்த்துவர், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகுவர். இதில் ஆடுவோர் சூதாட்ட விடுதியோடு மோதுவதில்லை. தம்முள் ஒருவரோடொருவர் மோதுகின்றனர். விடுதி, நடுவிற் சேரும் பணத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சில டாலர்களைக் கழிவாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து டாலர் வீதம் மணிக்கு 30 ஆட்டம் என்று கொண்டால், ஒன்பது பேர் அமர்ந்த மேசையிலிருந்து மணிக்கு 150 டாலர் வெளியேறும். ஆளுக்கு ஏறக்குறைய 17 டாலர். ஆகவே மற்றவர்களைவிடச் சற்றே தேர்ந்தவனாயிருந்தால் மட்டும் போதாது. அக்கழிவையும் தாண்டும் அளவிற்குத் தேர்ந்தவனாயிருத்தல் வேண்டும்.

திறமை இதில் உண்டென்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் அத்திறமை வெளிப்பட நெடுங்காலம் பிடிக்கிறது. இரண்டு ஏஸ் சீட்டுகள் கையில் வருதல் 221 முறைக்கு ஒரு முறை நேர்வது. அதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. அக்கையோடு, எதிரியின் இரண்டு ராஜாக்களுக்கு எதிராக முழுப் பணத்தையும் வைத்தாலும், ஐந்தில் ஏறக்குறைய ஒரு முறை தோற்க நேரும். பிழையின்றி ஆடியவன் வெறுங்கையோடு எழுவதும், பிழைபட ஆடியவன் பணத்தை வாரிச் செல்வதும் அங்கே நாள்தோறும் காணும் காட்சி. மற்றத் தொழில்களிற் பிழை செய்தவனுக்கு அப்பிழை விரைவிலே தெரிந்துவிடும். இத்தொழிலோ தவறு செய்தவனைப் பல மாதம் தட்டிக்கொடுத்துக்கொண்டேயிருக்கும்.

இப்பொழுது மருமகனுடைய புத்தகத்திற்கு வருவோம். அவன் ஆடியது இரண்டு டாலர், ஐந்து டாலர் பந்தயமுள்ள மேசை. 60 அமர்வுகள், அமர்வுக்குப் பத்து மணி வீதம் 600 மணி. 36 அமர்வுகளில் இலாபம் 25,000 டாலர். 24 அமர்வுகளில் நஷ்டம் 13,000 டாலர். நிகர வரவு 12,000. மணிக்கு 20 டாலர் ஆயிற்று. எழுத்துச் சுத்தம், கூட்டலிற் பிழை ஒன்றுமில்லை. இதனை 2,000 மணியாகப் பெருக்கி, ஆண்டிற்கு 40,000 டாலர் வருமென்று அவன் முடிவு கட்டியிருந்தான். வீட்டுச் செலவு ஆண்டிற்கு 42,000 என்றும், குறையும் தொகைக்காகச் சில மாதங்களிற் பெரிய மேசைக்குப் போய்விடலாமென்றும் கண்டிருந்தது.

யான் அவ்வரவுகளின் ஏற்ற இறக்கத்தைக் கணித்துப் பார்த்தேன். 600 மணியில் அதிருஷ்டம் ஒன்றே இயல்பாகக் கூட்டவோ குறைக்கவோ கூடிய தொகை சுமார் 6,000 டாலர் என்று கண்டது. சிற்சில சமயம் அதன் இரு மடங்கும் ஆகலாம். அஃதாவது மணிக்கு 20 டாலர் என்று அவன் கண்ட வரவின் உண்மை நிலை, 40 டாலராகவும் இருக்கலாம், சுன்னமாகவும் இருக்கலாம். உண்மை வருமானம் மணிக்கு 10 டாலர் என்று நடுத்தரமாக வைத்துக்கொண்டாலும், ஆறு மாதம், ஆயிரம் மணி, பிழையின்றி உழைத்த பின்னும் நஷ்டத்தில் நிற்றல் பத்தில் ஒரு முறை நேரக்கூடியது. சம்பளக்காரனுக்கு அவ்வாறு மாதங்கள் ஒரு மனவருத்தம், அவ்வளவே. சம்பளத்தை விட்டவனுக்கோ, ஆடுதற்குரிய முதலிலிருந்தே வாடகையும் பால்காசும் போகும். விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வீடாகிவிடும். முதல் குறையக் குறைய அச்சம் மிகும். அச்சம் மிக, துணிந்து பந்தயம் உயர்த்த வேண்டிய இடத்திற் கை பின்வாங்கும். அப்பொழுது அவன் பழைய ஆட்டக்காரனே அல்லன்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடிதத்தை முடிக்க இருந்தேன். தணிக்கைக்காரனுடைய பழக்கம், தொகைப் பத்தியைப் பார்த்த பின் தேதிப் பத்தியையும் பார்ப்பது. பார்த்தேன். அறுபது அமர்வுகளும் வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை இரவுமாகவே இருந்தன. செவ்வாயோ புதனோ ஒன்றேனும் இல்லை.

இதன் பொருளைச் சபையோர் ஊன்றிக் கேட்டருள வேண்டும். லாஸ் வேகாஸ் உல்லாசப் பிரயாணிகளால் வாழும் நகரம். வார இறுதியில் பிறவூரார் திரளாக வருவர், களிப்பிற்காக ஆடுவர், தோற்றாலும் சிரித்துக்கொண்டே ஊர் திரும்புவர். மருமகன் பெற்ற 12,000 டாலர் அவர்கள் விட்டுச் சென்ற பணம். வாரம் முழுதும் மருத்துவமனை நாற்காலி அவனை உட்கார வைத்திருந்தமையாலேதான், மிக நல்ல இரவுகளை மட்டும் பொறுக்கி ஆட அவனால் இயன்றது. அந்நாற்காலியை விட்டு எழுந்தால் அவனுக்குப் புதிதாகக் கிடைப்பன செவ்வாய்க்கிழமைப் பகற்பொழுதுகளே. அப்பொழுது மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார்? அவனுக்கு முன்பே உத்தியோகத்தை விட்டு வந்தவர்கள்! பெரிய மேசையிலோ அத்தகையோர் இன்னும் மிகுதி. அவன் பகையென்று எண்ணிய உத்தியோகமே அவனது ஆட்டத்திற்கு மூலதனமாய் இருந்திருக்கிறது.

இளைஞர் பலரை இவ்வழிக்கு ஈர்த்தவர் கிறிஸ் மனிமேக்கர் என்னும் டென்னஸி மாகாணத்துக் கணக்கர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிப் பெற்ற நுழைவுரிமையோடு, 2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் உலகப் போட்டியிற் புகுந்து 25 இலட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு ஆடினோர் 839 பேர். மூன்றாண்டுகளில், 2006-ல், அத்தொகை 8,773 ஆயிற்று. என் மருமகனும் கணக்கனாதலால் இவர் பெயரைக் கடிதத்தில் இருமுறை எழுதியிருந்தான். ஸ்டூ உங்கர் பெயரை ஒரு முறையும் எழுதவில்லை. 1980, 1981, 1997 என மூன்று ஆண்டுகளில் அப்போட்டியை வென்றவர் அவர். சீட்டுக்கலையில் அவருக்கு நிகரில்லை என்போர் பலர். 1997-ல் நுழைவுக் கட்டணமாகிய 10,000 டாலரையே பிறர் கொடுக்க ஆடினார். பத்து இலட்சம் வென்றார். மறு ஆண்டு, 45-ஆம் வயதில், அந்நகரத்தின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்து கிடந்தார். அவரிடம் சில நூறு டாலர்களே இருந்தன. போதைப் பழக்கமும் பிற பந்தயங்களும் அவரை அழித்தன என்பது உண்மை. திறமை ஒருவனைக் காவாது என்பதும் உண்மை. எனினும் ஒருபக்கமாகப் பேசலாகாது. எரிக் சைடல் என்பார் 1987-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப்பின் இத்தொழிலுக்கு வந்து, 1988-ல் உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்று, பல்லாண்டுகளாக நிதானந் தவறாமல் வாழ்ந்து வருகிறார். அத்தகையோரும் உளர்.

சட்டத்தையும் சிறிது கருத வேண்டும். முழுநேரமும் பந்தயத்தாற் பிழைப்பவன் தொழில் செய்பவனே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்தது. மதிப்பு வந்தது; சுயதொழிலுக்குரிய நூற்றுக்கு 15.3 வீத வரியும் உடன் வந்தது. 2025 ஜூலையில் இயற்றிய வரிச்சட்டமோ, பந்தய நஷ்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையே 2026 முதல் கழிக்கலாம் என்று விதித்தது. மருமகன் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால், 13,000 நஷ்டத்தில் 11,700 மட்டுமே கழியும். கையில் வந்தது 12,000, வரிக்குரியதோ 13,300. வராத பணத்திற்கு வரி! இணைய ஆட்டத்தை நம்பினோர் கதி இதனினும் கொடிது. 2011 ஏப்ரல் 15-ஆம் நாள் அமெரிக்க அரசாங்கம் மூன்று பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, அவற்றையே நம்பியிருந்தோர் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில், திறமையோ அதிருஷ்டமோ என்று பாராமல், இணையவழிப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று.

இவை யாவினும் என்னை உறுத்தியது ஒன்று. அவன் மனைவி அப்பொழுது நான்கு மாதக் கர்ப்பவதி. அந்நாட்டில் வைத்தியக் காப்பீடு பெரும்பாலும் உத்தியோகத்தோடு ஒட்டியது. அவன் செலவுக் கணக்கில் அதற்கென ஒரு வரி எழுதப்படவில்லை. மருத்துவமனையிற் கணக்கெழுதுபவன் இதனை மறந்தது எப்படி என்று சற்றுக் கடுமையாகவே எழுதினேன். அக்கடுமைக்காகப் பின்னர் வருந்தினேன்.

"கூடாது" என்ற சொல்லை மட்டும் யான் எழுதவில்லை. "உனக்குச் சம்பளத்தோடு சேர்ந்த விடுமுறை இரண்டு வாரம் உண்டல்லவா? திங்கள் முதல் வியாழன் வரை பகலிற் போய் ஆடு. எட்டு நாளில் வரும் வரவு நஷ்டம் எதனையும் நிரூபிக்காது. அதனைப் பெரிதாக எண்ணாதே. மேசையில் அமர்ந்தவர்கள் யாவர் என்பதை மட்டும் தேதிவாரியாக எழுதி அனுப்பு" என்று கேட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் மறுமொழி வந்தது. எட்டு நாளில் 400 டாலர் இலாபமாம். அதை ஒரே வரியிற் சொல்லி முடித்துவிட்டு, இரண்டாம் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். ஒன்பது இருக்கைகளில் எட்டில் அவ்வூர்க்காரர். ஒன்பதாமவர் ஏதோ மாநாட்டிற்கு வந்த வெளியூர் மனிதர். ஒரு மணி நேரம் ஆடி, தோற்று, வணக்கம் கூறி எழுந்து போனார். "அவர் போனபின் நாங்கள் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், மாமா. சிறிது நேரம் யாரும் பந்தயமே உயர்த்தவில்லை. பக்கத்திலிருந்தவர் தம் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய நேரத்தைக் கடிகாரத்திற் பார்த்தார். பதினோராண்டுகளாக அங்கே அமர்ந்திருப்பதாகச் சொன்னார்."

தை மாதத்திற் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அவன் இன்னும் மருத்துவமனை நாற்காலியில்தான் இருக்கிறான். ஆட்டத்தை விட்டுவிட்டானா என்று தங்கை என்னைக் கேட்கிறாள். விடவில்லை, சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறான், புத்தகமும் மாதந்தோறும் எனக்கு வருகிறது. ஓராண்டு வீட்டுச் செலவு தனியே சேர்ந்த பின் மீண்டும் என்னைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். சென்ற மாதம் வந்த புத்தகத்திற் புதிதாக ஒரு பத்தி கோட்டிட்டிருக்கிறான். தலைப்பிற் கிழமை என்று எழுதியிருக்கிறது.