மாணாக்கரும் மன ஆலோசகரும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இன்று எமக்குத் தரப்பட்ட பொருள், பள்ளிகளில் மாணாக்கர்க்குத் துணைநிற்கும் ஆலோசகரைப் பற்றியது. 'கவுன்சிலர்' என்றதும் நம்மவர் பலர்க்கும் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் கவனிக்கும் நகர்மன்ற உறுப்பினரே நினைவுக்கு வருவார். நாம் பேசப் போவது அவரைப் பற்றியன்று. ஆகவே இவரை மன ஆலோசகர் என்று வழங்குவோம்.

வலியசாலையில் நின்று இப்பொருளைப் பேசுவது மிகவும் பொருத்தமுடையது. இராசராச சோழனின் கல்வெட்டுகளில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இப்பகுதியிலேயே இருந்தது என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. அது எத்தகைய கல்வி நிலையம் என்பதை அறிய, ஆய் மன்னன் கருநந்தடக்கனின் கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு உதவுகின்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர் முறையைப் பின்பற்றி, 95 சட்டர்கள், அதாவது மாணாக்கர்கள், தங்கிப் பயில ஒரு சாலையை அம்மன்னன் அமைத்தான். ஒருவரையொருவர் ஏசக்கூடாது, படைக்கலத்தோடு அவைக்கு வரக்கூடாது, சூதாடக்கூடாது என்ற விதிகளும், மீறினால் தண்டமும் அச்செப்பேட்டில் உள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னும் மாணாக்கர் சினங்கொண்டனர், சண்டையிட்டனர் என்பது இதனால் விளங்கும். தண்டம் விதித்தால் சண்டை நிற்கும். ஆனால் அச்சண்டை எதனால் எழுந்தது என்பதைத் தண்டம் ஒருநாளும் கேட்டறியாது. கேட்டறிவதற்கென்றே ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் உலகில் மிகப் பிற்காலத்தில்தான் தோன்றியது.

1908-இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் பிராங்க் பார்சன்சு என்பார், இளைஞர்கள் தமக்கேற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ள உதவும் நிலையம் ஒன்றை அமைத்தார். தொழில் வழிகாட்டுதலாகத் தொடங்கிய அப்பணி, பின்னர் மனத்துயர் கேட்கும் பணியாகவும் விரிந்தது. நம் நாட்டில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய்த் திகழ்ந்த டாக்டர் ஆ. இலக்குமணசாமி முதலியார் என்பது தமிழர் பெருமைப்படத் தக்கது. பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களைப் படிப்படியாக எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் அளிக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி குழுவோ, குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகட்கு ஓர் ஆலோசகரேனும் வேண்டும் என்றது. பரிந்துரைகள் ஏட்டில் இருந்த அளவு நாட்டில் இல்லை.

நாம் வாழும் கேரளம் இத்துறையில் சில படிகள் முன்னேறியுள்ளது. மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகர்கள் பணியாற்றுகின்றனர். மேல்நிலைப் பள்ளிகளில் 'சௌகிருத' மன்றங்கள் உள்ளன. 2025 சூலை 25-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதியுடைய ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று பணித்துள்ளது. 250 மாணாக்கர்க்கு ஒருவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் வகுத்த அளவு. நம் பள்ளிகளிலோ ஒருவரே பன்னூறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டியுள்ளது.

இனி, அவர் செய்யும் பணிதான் யாது? முதற்பணி கேட்பது. ஆசிரியர் கேள்வி கேட்பார்; பெற்றோர் கணக்குக் கேட்பர்; இவர் பிள்ளையின் சொல்லைக் கேட்பார். சொல்லாததையும் அறிவார். குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரை வள்ளுவர் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குச் சூட்டியிருக்கிறார். அரசவைக்கும் காதலுக்கும் வேண்டிய அக்கலை, வளரும் பிள்ளையினிடத்தும் வேண்டுவதே.

இரண்டாவது, கேட்டதைக் காப்பது. பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையில் பேசுபவர் ஆலோசகர் ஆகார். ஆயின் இதற்கும் எல்லை உண்டு. பிள்ளை தன்னுயிரை மாய்த்துக்கொள்ள எண்ணினாலோ, பிறர் அதற்குத் தீங்கிழைத்தாலோ, அதனை மறைத்தல் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நல்ல ஆலோசகர் இவ்வெல்லையை முதல் நாளிலேயே பிள்ளைக்கு எடுத்துரைத்து விடுவார்.

மூன்றாவது, இணைப்பது. இவர் மருந்து தருபவரல்லர். மருத்துவம் வேண்டுமெனின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். வீட்டில் மாற்றம் வேண்டுமெனின் பெற்றோரை அழைப்பார். வகுப்பில் மாற்றம் வேண்டுமெனின் ஆசிரியரிடம் பேசுவார்.

இப்பணியின் பயனை அருகிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். எம்மோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், மதுரைக் கோட்டத்திலிருந்து இங்கு மாற்றலாகி வந்தார். தமிழ் வழியில் ஆறாம் வகுப்பு முடித்த அவருடைய மகன் இந்நகரில் ஒரு பள்ளியில் சேர்ந்தான். மூன்று திங்கள் கழியுமுன் அவனுக்கு வயிற்றுவலி தோன்றிற்று. மருத்துவர் சோதித்தார், நோய் ஏதும் இல்லை. சோம்பல் என்றார் ஆசிரியர். நடிப்பு என்றார் தந்தை.

ஆலோசகரான அம்மையார் அவனை அழைத்தார். திரைப்படம் பார்த்துக் கற்ற தமிழே அவருக்குத் தெரிந்த தமிழ். இரண்டு நாள் அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், வலி வந்த நாள்களைத் தமிழிலேயே எழுதித் தருமாறு கேட்டார். அவன் எழுதிய தாளை வகுப்பின் கால அட்டவணையோடு ஒப்பிட்டார். வலி வந்த நாள்களெல்லாம் மலையாளப் பாடத்தை உரக்கப் படிக்கும் நாள்களாக இருந்தன. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தபோது வகுப்பு முழுதும் சிரித்திருக்கிறது. அச்சிரிப்பே வயிற்றில் வலியாயிற்று. அம்மையார் ஆசிரியரிடம் பேசி, சில காலம் அவனைத் தனியே படிக்க எழுப்பாதிருக்கச் செய்தார். இரு மொழியும் அறிந்த மாணாக்கன் ஒருவன் அருகில் அமர்த்தப்பட்டான். நாள்தோறும் அரை மணி மகனோடு அமருமாறு தந்தைக்கும் சொல்லப்பட்டது. ஆண்டு இறுதியில் அவன் பெற்ற மதிப்பெண் பெரிதன்று. ஆனால் வலி நின்றது. பள்ளிக்கு விடாது சென்றான்.

பெரியோர்களே! இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. மாற்றல் ஆணை வந்தால் பெட்டி படுக்கையைக் கட்டுகின்றோம். பிள்ளையின் மொழியையும் நட்பையும் எப்பெட்டியில் கட்டுவது? 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்மாநிலப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாய பாடமாகியுள்ளது. வாழும் நாட்டின் மொழியைக் கற்பது நன்மையே. எனினும் இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு அது செங்குத்தான ஏற்றம். அதில் மூச்சுத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்பது முறையாகாது.

ஆலோசகரிடம் சென்றால் 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும் என அஞ்சுவாரும் நம்மிடையே உளர். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது இழுக்கன்று. கலக்கத்திற்கு ஆலோசகரை நாடுவதும் அத்தகையதே. பெற்றோர் பேச்சைத் தொடங்குவது எங்ஙனம் என்று வினவலாம். "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு முன் "இன்று யாரோடு உண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தனியே உண்ணும் பிள்ளையின் விடையில் பல செய்திகள் வெளிப்படும்.

நம் சங்கத்திற்குச் சில வேண்டுகோள்கள். புதிதாக வரும் குடும்பத்துப் பிள்ளைகட்கு மலையாள எழுத்தறிவிக்கும் விடுமுறை வகுப்பு ஒன்றை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்தலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களுக்கு நம்மவர் தவறாது சென்று, ஆலோசகர் உளரா, எந்நாளில் வருகிறார் என்று கேட்டறிய வேண்டும். மொழி பெயர்க்க அண்டை வீட்டாரை உடனனுப்புதல் மட்டும் வேண்டா. தெருவார் அறிவர் என்ற அச்சத்தால் பிள்ளை வாய் மூடிவிடும். அதற்குப் பதிலாக, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்ற டெலி மானசு என்னும் தொலைபேசிப் பணியின் 14416 என்ற எண்ணில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். துன்புறும் குழந்தைக்கு 1098 என்ற எண்ணும் உண்டு. இவ்விரு எண்களையும் வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

பழைய சாலைகளில் மன்னர்கள் மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்தனர். இன்றைய பிள்ளைக்கு அவற்றோடு, அச்சமின்றிப் பேச ஓர் இடமும் வேண்டும். அதனை அளிப்பது பள்ளியின் கடன். அங்குச் செல்லத் தடை செய்யாதிருப்பது நம் கடன்.