கண்ணுக்கு எத்தனை புள்ளி வேண்டும்?



போன மாதம் ஒரு சனிக்கிழமை. பெரிய கணினிக் கடை ஒன்றில், விலை கூடிய ஒரு மேசைக் கணினிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் அன்று காலை நான் முடித்த புத்தகத்தின் ஒரே ஒரு பக்கம். 11 புள்ளி அளவில் கோத்த சாதாரண உரைநடைப் பக்கம்தான், படம்கூடக் கிடையாது.

என் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பு. டிடிபி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 22 வருடமாக இதே வேலை. காலை எட்டு மணிக்குத் திரை முன்னால் உட்கார்ந்தால், நாள் முழுக்க என் கண்ணுக்குத் தெரிவது தமிழ் எழுத்துதான்.

கடைக்காரத் தம்பி முதலில் எனக்கு ஒரு அருவியைக் காட்டினார், பிறகு ஒரு பூ. பூ எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். "தம்பி, என் பக்கத்தைத் திறங்க. நூறு சதவீத அளவில் வைங்க, பெரிசாக்காதீங்க" என்றேன். திறந்தார்.

மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி இருக்கிறதே, அது வட்டமாக இருந்தது. இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். என் வீட்டுத் திரையில் அது ஒரு சதுரம். சில இடங்களில் சதுரம்கூட இல்லை, ஒரு சாம்பல் நிறக் கறை. இத்தனை வருடம் நான் கறையைப் பார்த்துப் புள்ளி என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த பிறகுதான் அதை வட்டமாகப் பார்த்திருக்கிறேன்.

இது அழகு பற்றிய பேச்சு மட்டும் இல்லை. "அவர்" என்று ஒரு சொல். அதன் கடைசி எழுத்தான ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்கும் ஒரு சின்னக் கோடு உண்டு. அந்தக் கோடு மறைந்துவிட்டால் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது, ரகர மெய் வரவேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன் மேல் ஒரு புள்ளியும் வந்து உட்கார்ந்துவிடும். வாசிக்கிறவர் கண் "அவர்" என்றே படித்துக்கொண்டு போகும். ஆனால் மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. "கௌரவம்" என்ற சொல்லிலும் இதே தொல்லை. ஔகாரக் குறி வரவேண்டிய இடத்தில் ளகரம் வந்து நிற்கும். இந்த வித்தியாசங்களெல்லாம் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையைக் காட்டுகிற திரையா, மறைக்கிற திரையா என்பதுதான் எனக்குக் கேள்வி.

வீட்டில் இருந்தது 27 அங்குல முழு எச்டி திரை. குறுக்கே 1,920 பிக்சல். ஒரு அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 82. திரை பெரிசு என்று வாங்கினேன். பெரிசு வேறு, நுணுக்கம் வேறு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அதே பிக்சல்களை அகலமான இடத்தில் பரப்பினால், ஒவ்வொன்றும் பருத்துப்போகும், அவ்வளவுதான். அந்தத் திரையில் 11 புள்ளி எழுத்து ஒன்றுக்குக் கிடைக்கிற மொத்த உயரம் 12 பிக்சல் சொச்சம். அதற்குள் கொம்பு, சுழி, மேல் விலங்கு, கீழே இறங்கும் உகர வளைவு எல்லாம் அடங்க வேண்டும். கடையில் நான் பார்த்தது 24 அங்குல ஐமேக். அதில் அங்குலத்துக்கு 218 பிக்சல். அதே எழுத்துக்கு அங்கே 33 பிக்சல் உயரம் கிடைக்கிறது. புள்ளி வட்டமானதற்குக் காரணம் இதுதான்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் இந்த மாதிரி வந்தபோது இந்தியாவில் 1,34,900 ரூபாயில் தொடங்கியது. நினைவகத்தை உயர்த்தினால், சேமிப்பைக் கூட்டினால், விலை இன்னும் ஏறும். அந்த நினைவகத்தைப் பிற்பாடு வாங்கிச் சேர்க்க முடியாது. வாங்குகிற அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

அன்றைக்கு வாங்காமல் திரும்பினேன். காசு இல்லாமல் இல்லை. தவணை வசதியும் சொன்னார்கள். எனக்கு ஒரு பழைய அடி ஞாபகம் வந்தது.

2016இல் நான் ஒரு ஆல் இன் ஒன் கணினி வாங்கியிருந்தேன். திரைக்குள்ளேயே கணினி இருக்கும். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஐந்தாவது வருடம் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழுது பார்க்கிறவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல" என்றார். "திரை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். "திரை புதுசு மாதிரி இருக்கும்மா. ஆனா வேற எதோடயும் சேராது" என்றார். ஒரு கீறல்கூட விழாத அந்தத் திரையைப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைய வேலை அவசரத்துக்கு வாங்கியதுதான் நான் சொன்ன முழு எச்டி திரை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. கடையில் பார்த்த அதே நுணுக்கத்தோடு வந்த 5கே திரையின் கதையிலேயே இது இருக்கிறது. 2014 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 27 அங்குல ஐமேக்கை 5கே திரையோடு வெளியிட்டது. குறுக்கே 5,120, உயரத்தில் 2,880 என மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் பிக்சல். அமெரிக்க விலை 2,499 டாலர். அதற்கு முந்தைய 27 அங்குல மாதிரியில் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் இப்போது நான்கு. எழுத்தின் அளவு மாறவில்லை, கூர்மை மட்டும் கூடியது. அன்றைக்குக் கணினியையும் திரையையும் இணைக்கிற ஒற்றை வடத்தில் இத்தனை பிக்சலை நொடிக்கு 60 முறை அனுப்ப முடியாது. திரையும் கணினியும் ஒரே உடம்பாக இருந்ததால், இரண்டுக்கும் நடுவே தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டுச் சில்லை வைத்து அவர்கள் அதைச் சாதித்தார்கள். உண்மையில் பெரிய காரியம்தான்.

அதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஐமேக்குகள் பலவற்றை வேறொரு கணினிக்குத் திரையாக மாட்டிக்கொள்ள முடிந்தது. 5கே மாதிரியில் அந்த வசதி இல்லாமல் போயிற்று. 2014ஆம் ஆண்டு மாதிரிக்கு 2020இல் வந்த பிக் சர் பதிப்போடு இயங்குதள மேம்பாடு நின்றுவிட்டது. புதிய மென்பொருள்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. திரையோ இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது! அதனால் வெளிநாடுகளில் ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய 5கே ஐமேக்கை வாங்கி, உள்ளே இருக்கும் கணினியை உருவி எறிந்துவிட்டு, தனியாக ஒரு இயக்குப் பலகை பொருத்தி, வெறும் திரையாக ஆக்கிக்கொள்கிறார்கள். அந்த வேலையைப் படம் பிடித்ததைப் பார்த்தபோது ரிச்சி தெருவில் விட்டுவந்த என் திரைதான் கண்ணில் நின்றது. கணினியின் மூளைக்கு ஒரு ஆயுள், திரைக்கு வேறொரு ஆயுள். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால், சீக்கிரம் போகிறது மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆப்பிளே 2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக் விற்பனையை நிறுத்திவிட்டது. அதே சமயம் 27 அங்குல 5கே திரையைத் தனியாகவும், கணினியைத் தனியாகவும் கொண்டுவந்தது. அந்தத் திரைக்கு மட்டும் அப்போது இங்கே விலை 1,59,900 ரூபாய். பிரித்து வாங்கலாம் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஒரு முழுக் கணினியின் விலையைவிட அதிகமாக வெறும் திரைக்குக் கொடுப்பதா?

என் அக்கா மகன் கண் பரிசோதனை படிக்கிறான். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சித்தி, கடையில எவ்வளவு தள்ளி நின்னு பாத்தீங்க?" என்று கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். நின்று பார்க்கவே இல்லை. புள்ளியைப் பார்க்கிற ஆசையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்திருந்தேன்.

அவன் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். ஒரு பாகையை 60 கூறு போட்டால், அதில் ஒரு கூறு அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இயல்பான பார்வை. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். என் பழைய திரையின் பிக்சல் 0.31 மில்லிமீட்டர். அதனால்தான் புள்ளி சதுரமாகத் தெரிந்தது. 27 அங்குல 4கே திரையில் ஒரு பிக்சல் 0.16 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது 60 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 4கே போதும். 5கேயின் பிக்சல் 0.12. அதன் முழுப் பலனையும் பார்க்க நான் 40 சென்டிமீட்டருக்குக் குனிய வேண்டும். நாள் முழுக்க அப்படிக் குனிந்தால் கழுத்து என்ன ஆகும்? இன்னும் கூர்மையான கண் உள்ளவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும், அவர்கள் 60 சென்டிமீட்டரிலேயே வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். 50 வயதைத் தொடுகிற என் கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. "திரைக்கு முன்னாடி உங்க கண்ணாடியைச் சரி பண்ணுங்க. படிக்கிற கண்ணாடி கைப்புத்தக தூரத்துக்குப் போட்டது, திரை தூரத்துக்கு வேற பவர் வேணும்" என்றான். அது உண்மை. போன வாரம் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இஞ்சு டேப்பை எடுத்து, நாற்காலியில் நான் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் இடத்திலிருந்து திரை வரைக்கும் அளந்தேன். 62 சென்டிமீட்டர். மேசைக் கணினி வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இதை ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், பழைய கோப்புகள். என்னிடம் 2003லிருந்து செய்த புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பேஜ்மேக்கரில் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதில் அந்தந்த எழுத்துரு நிறுவனத்தின் சொந்தக் குறியேற்றம். மறுபதிப்பு வந்தால் பழைய விண்டோஸ் கணினியில் திறந்துதான் எடுக்க வேண்டும். மேக்குக்கு மாறுவதில் தமிழுக்குக் குறை ஒன்றும் இல்லை. அதில் கூடவே வருகிற இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களை மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தார். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். என்னைப் போல 20 வருடப் பாரம் சுமக்கிறவர்களுக்கு இரண்டு வீட்டுக் குடித்தனம் ஆகிவிடும்.

யாருக்கு அந்த 5கே அவசியம்? புகைப்படத்தைத் திருத்துகிறவர்களுக்கு, 4கே காணொளியை ஒரு பிக்சல்கூடச் சுருக்காமல் திரையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே கருவிகளையும் வைக்க வேண்டியவர்களுக்கு. எழுத்துரு வடிவமைக்கிறவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். அவர்கள் குனிந்து பார்க்கிற வேலைக்காரர்கள். தொழிலுக்கென்று வாங்குகிறவர்கள் கணக்காளரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கணினிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பதிவு பெற்றவர்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கிறார்கள். கடன் அட்டைத் தவணையில் அவசரப்பட்டு வாங்குகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

கடைசியில் நான் வாங்கியது 27 அங்குல 4கே திரை மட்டும். இந்த வகைத் திரை 25,000 ரூபாய் அளவிலேயே தொடங்குகிறது. நான் இன்னும் சற்றுக் கூடக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்காத மங்கல் பரப்பு உள்ளதாக எடுத்தேன். கணினி பழையதேதான். அதற்கு ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கினேன். டெமி அளவுப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் அச்சில் வரும் அதே அளவில் வைத்தால், பக்கத்தில் 12 அங்குல இடம் மீதி இருக்கிறது. புள்ளி வட்டமாக இருக்கிறது. கடையில் பார்த்த அளவு வழவழப்பு இல்லை. 62 சென்டிமீட்டரில் எனக்கு அந்தக் குறை தெரியவில்லை.

திரையை மாட்டிய அன்றே திறந்தது ஒரு சிறுகதைத் தொகுதி. மறுபதிப்பு. எட்டு வருடத்துக்கு முன்னால் நானே யூனிகோடுக்கு மாற்றி, மூன்று முறை படித்து, அச்சுக்கு அனுப்பியது. மூன்றாம் பக்கத்திலேயே ஒரு "அவர்" என்னை நிறுத்தியது. ரகரத்துக்கு அடியில் கோடு இல்லை. தேடிப் பார்த்தேன். புத்தகம் முழுக்க 14 இடங்கள். உடனே பதிப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஐயா, பிரஸ்ஸில தகடு போட்டாச்சா?"

"இல்லம்மா, நாளைக்குத்தான்."

"நிறுத்தி வைங்க. விடியறதுக்குள்ள புது ஃபைல் அனுப்பறேன்."