முதல் வாரமே தொடங்குங்கள்



1970களில் வந்த தரப்படுத்தல் நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. இன்று அவ்வாசலில் நிற்பது இசட் புள்ளி. க. பொ. த. உயர்தரத்தில் பிரதான பாடங்கள் மூன்று. பல்கலைக்கழக அனுமதிக்காகத் தோற்றக்கூடிய தடவைகளும் மூன்றே. சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதையே இசட் புள்ளி அளக்கும். ஆகவே, சித்தியடைந்தால் மாத்திரம் போதாது.

வழக்கேட்டைப் படியாது மன்றேறும் நியாயவாதி தோற்பான்; பாடத்திட்டத்தைப் பாராது படிக்கும் மாணவனும் அவ்வாறே. மாணவர்களே, பாடத்திட்டத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் முதல் வாரமே கையிலெடுங்கள். ஓர் அலகு முடிந்ததும், அதற்குரிய வினாக்களுக்கு மணிக்கூட்டை வைத்து விடை எழுதுங்கள். பிழைத்தவற்றை மறுவாரம் மீண்டும் எழுதுங்கள்.

கமக்காரப் பெற்றோரே! இறைப்பு முறை தவறினால் வெங்காயம் வாடும். பிள்ளையின் படிப்பு நேரமும் அத்தகையதே. அதனைத் தோட்ட வேலைக்குக் கேளாதீர்கள்.